மலையில் ஏழு இரவுகள்



"சின்னம்மா கூடப் போனால் போகட்டும். இல்லாட்டி வேண்டாம்."

இது என் அக்கா தன் மகளுக்குப் போட்ட நிபந்தனை. என்னால் வர முடியாது என்று நான் சொல்லுவேன், கதை அத்தோடு முடிந்துவிடும் என்பதுதான் அக்காவின் கணக்கு. நானும் அப்படித்தான் சொல்ல இருந்தேன். ஆனால் பெறாமகளின் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு மாதிரிச் சொல்லிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய நான், தலைமன்னாரில் கடல் மட்டத்திலேயே வாழ்ந்து பழகிய நான், மலையில் ஏழு இரவுகள் கூடாரத்தில் படுத்தது இப்படித்தான். அது 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம்.

பெறாமகள் கொழும்பில் வேலை செய்கிறாள். இரண்டு வருடச் சேமிப்பில் பழைய கமரா ஒன்றை வாங்கி, வார இறுதிகளில் புகைப்பட வகுப்புக்குப் போனாள். கலியாண வீட்டுப் படங்களை விட மலை, வானம், மரம், வெளி என்று நிலத்தை எடுப்பதில்தான் அவளுக்கு ஆசை. வகுப்பு ஆசிரியர் ஆறு பேரைத் தெரிந்து மலைநாட்டுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். ஹோட்டன் சமவெளியில் மூன்று இரவு, நக்கிள்ஸ் மலைத்தொடரில் நான்கு இரவு. நான்கு பெண்பிள்ளைகள், இரண்டு பையன்கள், ஆசிரியர், பிறகு நான்.

"ஒரு படம் எடுக்க ஏழு நாளா? போற வழியில பஸ்ஸை நிப்பாட்டி எடுத்தால் என்ன?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடமும் அப்போது பதில் இருக்கவில்லை.

எங்கள் பயணம் தலைமன்னார் இறங்குதுறை ரயில் நிலையத்தில் தொடங்கியது. அங்கே தண்டவாளம் கடலோரத்தில் முடிகிறது. அதே அகலப் பாதையில், கொழும்பில் ரயில் மாறிப் போனால், இலங்கையிலேயே உயரத்தில் உள்ள பட்டிப்பொல நிலையத்தில் இறங்கலாம். அது கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். கடலிலிருந்து முகிலுக்கு ரயிலிலேயே போய்விடலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 1990இல் போரினால் நின்றுபோன எங்கள் பாதை 2015 மார்ச்சில்தான் மீண்டும் இறங்குதுறை வரை வந்தது. அதற்கு முன்பு இப்படி ஒரு பயணத்தை நினைத்தும் பார்த்திருக்க மாட்டோம்.

ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குளிர் கூடும். எங்கள் ஊரில் 28 பாகை என்றால் அங்கே 14 என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் பகலில். சில வருடங்களில் சனவரி, பெப்ரவரி மாதத்து விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. முதல் இரவு இரண்டு கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு படுத்தும் பல்லு கிட்டியது. வெளியே மரைகள் புல் மேயும் சத்தம். பக்கத்தில் பெறாமகள் கமராவின் பற்றரியைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். குளிரில் பற்றரி கெதியாகச் செத்துவிடும், உடம்புச் சூட்டில் வைத்தால் தாங்கும் என்றாள். பிள்ளையை அணைத்துக்கொண்டு படுப்பது போல இருந்தது எனக்கு.

காலை நாலரைக்கு எழும்பி, இருட்டு விலகியதும் உலக முடிவு என்று சொல்லும் விளிம்புக்கு நடந்தோம். நிலம் ஏறத்தாழ 880 மீற்றர் செங்குத்தாக விழும் இடம் அது. ஆனால் அந்தக் கிழமை எதிர்பாராத மழை. போய்ப் பார்த்தால் வெள்ளைச் சீலை பிடித்தது போலப் புகார். பத்து மணி வரை நின்றும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. வந்த சுற்றுலாக்காரர்கள் எல்லாம் தங்கள் முகத்தைத் தாங்களே எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். பெறாமகள் அன்று பின்னேரம் கூடாரத்துக்குள் இருந்து அழுதாள். "அம்மா சொன்னது சரிதான் சின்னம்மா. காசும் போச்சு, லீவும் போச்சு" என்றாள்.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்குச் சீலை விலகியது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பஞ்சு நிரப்பினாற்போல் முகில். அதற்கு மேலே மலை முதுகுகள் ஒன்றன் பின் ஒன்றாக, தூரம் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டு போயின. இரவில் குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்தில் இறங்கித் தங்குவதால் முகில் அங்கே கிடக்கிறது; வெயில் ஏறினால் அது மேலே எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும் என்று ஆசிரியர் விளக்கினார். தெற்கே வெகு தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. "அது கடல்" என்றார். கடற்கரையில் பிறந்த எங்கள் பிள்ளை, மலை உச்சியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு, சிறிது நேரம் கமராவைத் தொடவே இல்லை. பிறகுதான் எடுத்தாள். அரை மணித்தியாலம்கூட இல்லை, மறுபடி மூடிவிட்டது.

அக்காவின் கேள்விக்கு எனக்கு அப்போது பதில் கிடைத்தது. அந்த அரை மணித்தியாலம் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அங்கே தங்க வேண்டியிருக்கிறது. மலைப் படத்துக்கு முதலில் வேண்டியது நாட்கள். கமரா அதற்குப் பிறகுதான்.

சகோதரிகளே, எங்களுக்குக் கிடைக்காததும் அந்த நாட்கள்தான். கமரா இன்றைக்கு ஏறக்குறைய எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கிறது. ஆனால் சமைக்க வேண்டாம், யாருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டாம், மாமியாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம், வெளிச்சம் வரும்வரை சும்மா இருந்து பார் என்று எங்களில் யாருக்கு ஏழு நாள் கொடுத்திருக்கிறார்கள்? சும்மா இருக்கும் பெண்ணைக் கண்டால் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

இரவில் கூடாரத்துக்கு முன்னால் இருந்து ஆசிரியர் பழைய கதைகள் சொல்லுவார். அதில் ஒன்று எனக்கு மனதில் தங்கியது. திரும்பி வந்தபின் அதைத் தேடி வாசித்தேன்.

ஃபனி புல்லொக் வேர்க்மன் 1859இல் பிறந்த அமெரிக்கப் பெண். 1890களின் கடைசியில் கணவரோடு துவிச்சக்கரவண்டியில் இலங்கையையும் இந்தியாவையும் சுற்றியவர். எங்கள் தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் வந்தது 1914இல் என்பதால் அவர்கள் இந்த வழியால் போகவில்லை. இந்தியாவின் வெயில் தாங்காமல் இமயமலைப் பக்கம் ஏறியவர்கள் அந்த மலைகளை விடவே இல்லை. 1912 வரை திரும்பத் திரும்பப் போய், மாதக் கணக்கில் கூடாரத்தில் தங்கி, பனியாறுகளை அளந்து, படமெடுத்து, புத்தகங்களாக வெளியிட்டார்கள். 1906இல், 47 வயதில், 6,900 மீற்றருக்கும் மேலான சிகரம் ஒன்றில் அவர் ஏறினார். அதைவிட உயரத்தை இன்னொரு பெண் தொட 1934 வரை ஆனது. 1912இல் சியாச்சின் பனியாற்றுப் பக்கம், 6,400 மீற்றர் அளவு உயரத்தில், நீளப் பாவாடையோடு நின்று ஒரு பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பத்திரிகையின் தலைப்பு, 'பெண்களுக்கு வாக்குரிமை'. அவருடைய நாட்டில் பெண்கள் எல்லோருக்கும் அந்த உரிமை சட்டமானது 1920இல். எங்கள் நாட்டுக்கு 1931இல் வந்தது.

இதைக் கேட்டதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியர் தட்டவில்லை. "அந்தப் படம் எடுக்கக் கமராவையும் கூடாரத்தையும் சாப்பாட்டையும் யார் தூக்கினது?" என்று கேட்டார்.

தூக்கியவர்கள் அந்த மலைக் கிராமத்து மனிதர்கள். ஃபனிக்குப் பணம் இருந்தது, கூட வரக் கணவர் இருந்தார், சுமக்க ஆட்கள் இருந்தார்கள். அந்தச் சுமை ஆட்களோடு அவர் கடுமையாக நடந்தார் என்ற குறை அவருடைய காலத்திலேயே இருந்தது. அதே 1912 பயணத்தில் அவரோடு போன இத்தாலிய வழிகாட்டி ஒருவர் பனிப் பிளவுக்குள் விழுந்து இறந்தும் போனார். அவருக்கு முன்னால் 1863 தொடக்கம் 1866 வரை இமயமலையில் மூன்று நீண்ட பயணங்கள் செய்த சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளரின் கதையும் அப்படித்தான். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். கண்ணாடியும் மருந்துப் போத்தல்களும் கூடாரமும் மனிதத் தோள்களில்தான் 18,000 அடிக்கு மேலே போயின. படத்தின் கீழே போர்னின் பெயர் உள்ளது. தோள்களின் பெயர் இல்லை.

இந்தக் கதையின் மிச்சத்தை நக்கிள்ஸில் கண்டேன். எங்கள் சாமான்களைத் தூக்கவும் சமையலுக்கு உதவவும் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய மகனும் வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "எங்க பாட்டியோட அம்மா உங்க ஊரு வழியாத்தாம்மா வந்தாங்களாம். கப்பல்ல எறங்கி ரயிலு ஏறினதா பாட்டி சொல்லும்" என்றார்.

எங்கள் இறங்குதுறையின் வரலாறு அவருடைய வாயிலிருந்து வந்தது. தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த ஆயிரமாயிரம் பேர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். 1914க்கு முன்பு வந்தவர்கள் இங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் கால்நடையாகவே போனார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. இன்று நாம் வடிவு என்று படமெடுக்கும் பச்சை மலைச் சரிவுகள் அவர்கள் காடு வெட்டி, கன்று நட்டு உண்டாக்கியவை. அந்தக் காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் இருந்த ஐரோப்பியப் படப்பிடிப்பு நிலையங்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்து அஞ்சலட்டையாக விற்றன. அந்தப் பெண்களின் பெயரை யாரும் அடியில் எழுதவில்லை.

பெறாமகள் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்தாள். பெரிய மலை முகடு. அதன் அடியில் சின்னதாக, தலையில் சுமையோடு அவர். ஆள் நிற்பதால்தான் மலை எவ்வளவு பெரிது என்பதே கண்ணுக்கு விளங்குகிறது. ஊருக்கு வந்ததும் படத்தைக் கழுவி, பின்பக்கம் அவருடைய முழுப் பெயரையும் திகதியையும் எழுதி அனுப்பிவைத்தாள். கூலியும் எத்தனை கிலோ தூக்குவது என்பதும் போகுமுன்பே பேசி முடிவானவை. மழையில் பயணம் நின்ற நாளுக்கும் கூலி உண்டு என்று ஆசிரியர் முதலே சொல்லியிருந்தார். நமக்குக் கிடைக்கும் நாட்கள் இன்னொரு பெண்ணின் தோளில் ஏறக்கூடாது என்றால், இந்தக் கணக்கு முதலில் சரியாக இருக்க வேண்டும்.

போக நினைக்கும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள் சொல்ல வேண்டும்.

ஹோட்டன் சமவெளியில் தங்க வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், நக்கிள்ஸில் தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். மலையில் தொலைபேசி எல்லா இடத்திலும் வேலை செய்யாது. எந்த வழியால் போகிறீர்கள், எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். தனியாகப் பாதையை விட்டு விலகாதீர்கள். புகார் மூடினால் பத்தடி தூரமும் தெரியாது. நின்ற இடத்திலேயே நில்லுங்கள். கண்ட இடத்தில் நெருப்பு மூட்டக்கூடாது. நக்கிள்ஸில் மழைக்கு அட்டைகள் அதிகம். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள்.

கூச்சப்படாமல் இன்னொன்றும் சொல்கிறேன். மாதவிடாய் நாள் வந்துவிடுமோ என்ற பயத்தினாலேயே பல பெண்பிள்ளைகள் இப்படியான பயணங்களைத் தவிர்க்கிறார்கள். எங்களில் இருவருக்கு மலையில்தான் வந்தது. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காற்றுப் புகாத பை இரண்டு, பழைய செய்தித்தாள், ஒரு போத்தல் தண்ணீர் போதும். பாவித்ததைப் புதைக்காமலும் எறியாமலும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு ஹோட்டன் சமவெளியிலிருந்தும் நீர் போகிறது. அந்தத் தண்ணீரைக் கீழே எத்தனையோ பேர் குடிக்கிறார்கள்.

படம் பற்றி நான் கற்றவை கொஞ்சம்தான். புகாரை எடுக்கும்போது கமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், ஏனென்றால் எதையும் நடுத்தர வெளிச்சமாகவே காட்டப் பார்ப்பது அதன் பழக்கம். கண் பார்க்கும் வெண்மை வேண்டுமானால் வெளிச்ச அளவை ஒரு படி கூட்ட வேண்டும். குளிரிலிருந்து எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு இறங்கும்போது கமராவை உடனே வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த போத்தலில் நீர் வியர்ப்பது போல வில்லையிலும் உள்ளேயும் ஈரம் படியும். காற்றுப் புகாத பையில் கட்டி, சூடு சமனாகும் வரை இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டுவிட வேண்டும்.

ஏழு இரவுகளில் பெறாமகள் நூற்றுக்கணக்கில் எடுத்தாள். நல்லது என்று அவளே ஒத்துக்கொண்டவை ஒன்பது. அதைக் கேட்டு அக்கா தலையில் கை வைத்தார். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றை, முகிலுக்கு மேலே கடல் கோடு தெரிவதை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதும் அக்காதான்.

எங்கள் வீட்டுச் சுவரில் படம் மாட்டுவது சின்ன விடயம் இல்லை. 1990இல் படகேறி இராமேஸ்வரம் போனபோது அல்பம் வைத்த மரப்பெட்டியை விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. அம்மாவின் இளவயது முகத்தை யாரிடமாவது கேட்டு வாங்கலாம். ஆனால் எங்கள் கரை, பனங்கூடல், இறங்குதுறை முன்பு எப்படி இருந்தன என்று பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுப் படமும் இல்லை. நிலத்தை யார் படம் எடுப்பார்கள், அது எங்கே போகப் போகிறது என்று அப்போது நினைத்தோம்.

நிலமும் போகும். எவரெஸ்டின் வடபக்கம் ரொங்பக் பனியாற்றை ஜோர்ஜ் மலரி 1921இல் படம் எடுத்தார். 2007இல் டேவிட் பிரெஷியர்ஸ் அதே இடத்தில் ஏறி நின்று அதே கோணத்தில் எடுத்தபோது, பனி எவ்வளவு வற்றிவிட்டது என்பது படிக்காதவருக்கும் விளங்கியது. முதல் படம் இல்லாவிட்டால் இரண்டாவதற்குப் பேச்சே இல்லை.

மலையிலிருந்து வந்தபின் பெறாமகள் லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் தீவின் தென்கரையில் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுக்கிறாள். 2019இல் எடுத்த முதல் படத்தில் மணலும் பனையும் வானமும் மட்டும். 2020 டிசம்பரில் திறந்துவைத்த தம்பபவனி மின்திட்டத்தின் முப்பது காற்றாடிகளில் சில பின்னால் எடுத்த படங்களில் நிற்கின்றன. நல்லதா கெட்டதா என்று படம் சொல்லாது. முன்பு எப்படி இருந்தது என்று சொல்லும். அந்தப் பேச்சு ஊரில் வரும்போது கையில் காட்ட இப்போது ஒன்று இருக்கிறது.

போன லீவில் அவள் தாயையும் கூப்பிட்டாள். "எனக்கு என்ன வேலை அங்க? விடிய அடுப்பு மூட்ட வேண்டாமா?" என்றார் அக்கா. அன்று அடுப்பை நான் மூட்டினேன். அக்கா ஐந்து மணிக்குப் போய், எட்டு மணிக்கு மணல் ஒட்டிய காலோடு வந்தார். "கடல் விடியிறதை இருந்து பார்த்து எத்தனை வருசம்" என்றார். பிறகு, "நாளைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுவியா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருத்திக்கு ஒரு காலையையாவது கொடுத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.